அதிர்ஷ்டமே தேவலை

ஆன்லைன் ரம்மியைப் பற்றி ஐந்தாறு ஆண்டுகளாகப் பேசித் தீர்த்துவிட்டோம். அவசரச் சட்டம், சட்டம், ரத்து, குழு, மறுபடி அவசரச் சட்டம், ஆளுநர், மறுபடி சட்டம், மறுபடி வழக்கு, கடைசியில் டில்லியிலிருந்து ஒட்டுமொத்தத் தடை. இத்தனை சச்சரவிலும் கட்சிகள் இரண்டுதான். ரம்மி அதிர்ஷ்ட விளையாட்டு, ஆகவே சூதாட்டம், ஆகவே தடை செய்யலாம் என்றது ஒன்று. ரம்மி திறமை விளையாட்டு, ஆகவே தொழில், ஆகவே கைவைக்காதே என்றது இன்னொன்று. திறமை என்று நிரூபித்துவிட்டால் அதில் ஆபத்து குறைவு என்பதை மட்டும் இரு தரப்புமே ஏற்றுக்கொண்டுதான் வாதாடின. நான் அதை ஏற்கவில்லை. ரம்மி திறமை விளையாட்டுதான் என்று நானும் நினைக்கிறேன். அதனாலேயே அது லாட்டரியைவிட மோசம் என்பது என் கட்சி.

லாட்டரியை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1968இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியது. ஒரு ரூபாய் டிக்கெட், ஒரு லட்சம் ரூபாய் பரிசு. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் அப்போது பிறந்தது. 1975இல் கருணாநிதி நிறுத்தினார், எம்.ஜி.ஆர். காலத்தில் திரும்ப வந்தது, 2003 ஜனவரியில் ஜெயலலிதா எல்லா லாட்டரிகளுக்கும் சேர்த்துத் தடை போட்டார். சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டி, அட்டையில் டிக்கெட்டுகளைக் குத்திக்கொண்டு வருகிறவரிடம் ஒன்று வாங்கி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, குலுக்கல் நாள்வரை காத்திருப்பார்கள். மறுநாள் தினசரியில் பொடி எழுத்தில் வரும் எண்களை விரலால் தேடுவார்கள். விழாவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். ‘நான் சரியாக வாங்கவில்லை’ என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. முருகன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

லாட்டரிக்குப் புனிதர் பட்டம் கட்டவில்லை. ஒற்றை இலக்கத்துக்கே பரிசு தரும் ‘ஒரு நம்பர்’ சீட்டு வந்து நெசவாளர் தெருக்களையும் ரிக்‌ஷா நிறுத்தங்களையும் சூறையாடியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சீட்டு அத்தனை நாசம் செய்ததற்குக் காரணம், இடையில் இருந்த காத்திருப்பை அது அழித்ததுதான். முடிவு சுடச்சுட வரும், தோற்றவர் அடுத்த குலுக்கலுக்குள் பணம் தேடி ஓடுவார். இதை அன்றைக்குச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே கண்டுகொண்டார்கள் என்பதுதான் வியப்பு. 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தரக் கூடாது என்கிறது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. அதாவது, அதிர்ஷ்டமா திறமையா என்ற ஆராய்ச்சிக்கே போகாமல், ‘எவ்வளவு வேகம்’ என்று கேட்ட சட்டம் அது. அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் நாம் அந்தக் கேள்வியைக் கைவிட்டு, வேறு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

அந்த வேறு கேள்விக்கு ஒரு வழக்கு உண்டு. 1963இல் செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்துக்குள் போலீஸார் புகுந்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பானது. ரம்மி, முழுக்க அதிர்ஷ்டத்தையே நம்பிய மூன்று சீட்டு ஆட்டத்தைப் போன்றதல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்திருப்பது எதைக் கழிப்பது என்பதற்குத் திறமை வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை விளையாட்டு என்றது நீதிமன்றம். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு ரம்மி நிறுவனமும் இந்த வாக்கியத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டு திரிகிறது. அதே தீர்ப்பில், பக்கத்திலேயே இன்னொரு வாக்கியம் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தின் உரிமையாளர் லாபம் எடுக்கிறார் என்றால், ரம்மியாக இருந்தாலும் குற்றம் ஆகலாம் என்பது அது. அன்றைய மன்றம் உறுப்பினர்களிடம் வாங்கியது ஏதோ சிறு கட்டணம், அதை நீதிபதிகள் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு மேசையிலிருந்தும், யார் ஜெயித்தாலும், தன் பங்கை எடுத்துக்கொள்ளும் செயலியை அந்த இரண்டாவது வாக்கியத்தின் முன் நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நான் வக்கீல் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்த வாக்கியம் கண்ணில் படாமல் இத்தனை பேர் தீர்ப்பைப் படித்திருக்கிறார்கள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

என் பெரியப்பா மகன் ஒருவர் திருப்பூரில் சில பவர் டேபிள் தையல் மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவுகளில் மனமகிழ் மன்றத்தில் ரம்மி. அண்ணன் நல்ல ஆட்டக்காரர், அதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆட்டம் முடிந்த பிறகு, எதிரே இருந்தவர் எந்தச் சீட்டை எடுத்தார், எதைக் கழித்தார் என்று வரிசையாகச் சொல்வார். கை சரியில்லை என்றால் முதல் சுற்றிலேயே ஸ்கூட் அடித்து இருபது புள்ளி அபராதத்தோடு வெளியே வந்துவிடுவார். ஃபுல் வாங்கி எண்பது கொடுப்பதை அவர் மானக்கேடாக நினைத்தார். மன்றத்தில் தோற்றதும் உண்டு, ஜெயித்ததும் உண்டு, இரண்டுமே ஒரு பைக் டயர் வாங்கும் அளவைத் தாண்டியதில்லை. மன்றத்தைப் பூட்ட ஓர் ஆள் இருந்தார். கையிலிருந்த பணம் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும், கேட்டால் அது மறுநாள் ஊருக்கே தெரியும்.

ஊரடங்கில் மன்றம் மூடியது. ஆட்டம் கைப்பேசிக்கு வந்தது. அங்கே பூட்டுவதற்கு ஆள் இல்லை, கடன் கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லை, யுபிஐ எண்ணை அழுத்தினால் போதும். முதலில் போனது சேமிப்பு, பிறகு தையல் மெஷின்கள், பிறகு அண்ணியின் நகை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிய அன்று நானும் போயிருந்தேன். அவர் தன் நேரம் சரியில்லை என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் சொன்னது வேறு. ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில் ஸ்பேடு ராணியைக் கழித்திருக்கக் கூடாது, பொறுத்திருந்தால் அந்த மேசை முழுவதும் தனக்கு வந்திருக்கும் என்றார். அடுத்த வாரம் அதைச் சரிசெய்துவிடலாம் என்று முழு மனதோடு நம்பினார். வீட்டை இழக்கும் நிலையில் இருந்தவர், தன் ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் மெருகு தேவைப்படுகிறது என்ற அளவில்தான் பிரச்சினையைப் பார்த்தார்.

லாட்டரிக்காரர் தோற்றால் முருகன் கணக்கில் எழுதினார். அண்ணன் தோற்றதைத் தன் கணக்கில் எழுதினார். தன் கணக்கில் எழுதியவருக்கு அதைத் தானே தீர்க்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

எல்லென் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நெருக்கமானது. அலுவலக ஊழியர்களிடம் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டுகளை விற்றார்கள். சிலருக்குச் சீட்டை எடுத்துக் கொடுத்தார்கள், சிலரைத் தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு, ‘உங்கள் சீட்டை எனக்குத் தருகிறீர்களா, என்ன விலை?’ என்று கேட்டார்கள். கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். குலுக்கல் ஒன்றுதான், வாய்ப்பும் ஒன்றுதான். தன் கை பட்டது என்ற ஒன்றே விலையை நான்கு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டது. வெறும் லாட்டரிச் சீட்டிலேயே இப்படி என்றால், உண்மையிலேயே கைத்திறன் கலந்த ஆட்டத்தில் மனிதனின் தன்னம்பிக்கை எங்கே போய் நிற்கும்?

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வீட்டில் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனாலும், டிக்கெட்டைச் சாமி படத்துக்கு முன் வைத்தவரின் நம்பிக்கையில் ஓர் அடக்கம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். நடப்பது என் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்ட நம்பிக்கை அது. அதற்கு நேர் எதிரானது, தன்னை அறிவியல்வாதி என்று எண்ணிக்கொள்பவரிடம் இருக்கும் மூடநம்பிக்கை. 1948இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பட்டினி போட்ட புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை விழும்படி செய்தார். சில நாளில் ஒரு புறா வட்டமடித்தது, ஒன்று தலையை ஆட்டியது, ஒன்று மூலையில் கழுத்தை நீட்டியது. இரை விழுந்தபோது எதைச் செய்துகொண்டிருந்ததோ அதுதான் இரையை வரவழைத்தது என்று ஒவ்வொன்றும் முடிவு கட்டிவிட்டது. பகுத்தறிவு பேசும் என் நண்பர்கள் சிலர் அமாவாசையில் புதிய வேலை தொடங்குவதைக் கிண்டல் செய்வார்கள். அவர்களே இரவு பதினொரு மணிக்கு மேல் ‘டேபிள் நன்றாக இருக்கும்’ என்பார்கள்.

இனி தொழில்நுட்பம். என் தொழில் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சீட்டைக் கலைப்பது எளிய வேலை என்று தோன்றும். 52 சீட்டுகளை வரிசைப்படுத்தக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. கணினி தன் எதேச்சை எண்ணை எங்கிருந்தோ தொடங்கியாக வேண்டும், அந்தத் தொடக்க எண் சிறியதாக இருந்தால் இந்த 68 இலக்க வானத்தில் ஒரு மூலைக்கு மட்டும்தான் அது போகும். 1999இல் போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கான இணையத் தளம் ஒன்று தன் கலைப்பு எவ்வளவு நேர்மையானது என்று காட்டுவதற்காக, அதற்கான நிரலை இணையத்தில் போட்டது. மென்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் அதைப் படித்தார்கள். தொடக்க எண் 32 பிட், ஆக ஏறத்தாழ 429 கோடிக் கட்டுகள்தான் சாத்தியம். அந்த எண்ணும் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகளிலிருந்து எடுக்கப்பட்டது, ஆக 8.64 கோடிதான். தளத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்திசைத்ததும் சில லட்சங்களுக்குள் வந்துவிட்டது. தங்கள் கையிலிருந்த இரண்டு சீட்டையும் மேசையில் விரித்த மூன்றையும் வைத்து, எல்லாருடைய கையையும் அந்த நொடியிலேயே சொல்லிவிட்டார்கள். நல்லவர்கள், அதனால் ஆடாமல் அறிக்கை எழுதினார்கள். 2007இல் வெளியான இன்னொரு விவகாரத்தில் இந்தக் கணக்கு வேலைகூடத் தேவைப்படவில்லை. எதிராளிகளின் மூடிய சீட்டுகளைப் பார்க்கும் அனுமதியோடு உள்ளிருந்தவர்களே ஆடினார்கள்.

‘எங்கள் எதேச்சை எண் சான்றளிக்கப்பட்டது’ என்று செயலிகள் எழுதிப்போட்டன. இருக்கலாம். கலைப்பு நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற நிரல், போக்கர் ஆட்டத்தின் மிகச் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் நான்கு பேரோடு 1,20,000 கைகள் ஆடிப் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டு ஆண்டு கழித்து, ஆறு பேர் உட்காரும் மேசையிலும் புளூரிபஸ் என்ற நிரல் ஜெயித்தது. ஓர் ஆட்டம் உண்மையிலேயே திறமையால் தீர்மானிக்கப்படுகிறது என்றால், அதில் மனிதனைவிடத் திறமையான இயந்திரத்தை உருவாக்க முடியும். முகம் தெரியாத மேசையில், எதிரே இருப்பது மனிதனா நிரலா என்று தெரியாமல், பணம் வைத்துத் திறமையைக் காட்டுவதில் என்ன திறமை இருக்கிறது? திறமை இல்லை, அதிர்ஷ்டம்தான் என்றால் அது சூதாட்டம். நிறுவனங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் ஆடுகிறவருக்கு இழப்புதான். நீதிமன்றத்தில் யாராவது இந்தக் கோணத்தில் பேசியிருந்தால் நான் காசு கொடுத்துப் போய்க் கேட்டிருப்பேன்.

இன்னொன்று. நான் இணையத்தில் சதுரங்கம் ஆடுபவன். மாமல்லபுரத்தில் 2022இல் ஒலிம்பியாட் நடந்தபோது தொற்றிக்கொண்ட பைத்தியம், 2024 டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் ஆனபோது முற்றிவிட்டது. சதுரங்கத் தளத்தில் நுழைந்தவுடன் என் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் நிற்கும். ஆர்பட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறையின் வழிவந்த எண் அது. நான் எவ்வளவு மட்டமான ஆட்டக்காரன் என்பதை எந்தக் கருணையும் இல்லாமல் ஊருக்கே சொல்லும். தோற்றால் குறையும், ஜெயித்தால் ஏறும், மழுப்ப முடியாது. திறமை விளையாட்டு என்றால் அதுதான் லட்சணம். ரம்மி செயலிகள் திறமை, திறமை என்று அரை நூற்றாண்டுத் தீர்ப்பைக் காட்டினவே, ஆடுபவரின் திறமைக்கு ஓர் எண் கொடுத்து அதை முதல் திரையில் போட வேண்டியதுதானே? அண்ணனின் கைப்பேசியில் நான் பார்த்தது வேறு படிநிலை: வெள்ளி, தங்கம், அதற்கு மேல் ஏதோ. அது எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதற்குக் கொடுத்ததல்ல, எவ்வளவு பணத்துக்கு ஆடினார் என்பதற்குக் கொடுத்தது. இதுவரை மொத்தம் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கைத் தேடிப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அரசியலுக்கு வருகிறேன். இதில் எந்தக் கட்சிக்காரரும் என்னை அணைத்துக்கொள்ள மாட்டார்.

2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் போட்டது, அடுத்த பிப்ரவரியில் அதைச் சட்டமாக்கியது, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தி.மு.க. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு வைத்து, 2022 அக்டோபரில் அவசரச் சட்டமும் அதே மாதத்தில் மசோதாவும் கொண்டுவந்தது. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மாநில சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்பது காரணம். அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34ஆவது இடத்தில் பந்தயமும் சூதாட்டமும் இருப்பதைப் பள்ளிக்கூடப் பையன்கூடப் பார்த்துச் சொல்லலாம். மசோதாவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். ஆளுநர்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்ட ஏப்ரல் 10ஆம் தேதியே, அவர் ஒப்புதல் தந்துவிட்ட செய்தியும் வெளியே வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காரணம்? திறமை.

மத்திய அரசின் வழி இன்னும் விசித்திரம். 2023 அக்டோபர் 1 முதல், கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் ஒரு மசோதா. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். கூச்சலுக்கு நடுவே, விவாதமே இல்லாமல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடினால் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். தமிழ்நாட்டின் மசோதாவுக்கு ஆறு மாதம் வழி தெரியாமல் போன அதே நாட்டில் இதற்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது. தடை வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மாநிலத்தின் கையைக் கட்டிவிட்டுத் தானே அடித்த விதம்தான் கரிக்கிறது.

இந்தக் களேபரத்தில் ஒரு நல்ல காரியம் கவனிக்கப்படாமலே போனது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் சில விதிகள் கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு நேரமாக ஆடுகிறீர்கள் என்று திரையில் எச்சரிக்கை வர வேண்டும். 18 வயதுக்குக் கீழே கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும். திறமையா அதிர்ஷ்டமா என்ற பட்டிமன்றத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரவு, வேகம், மறதி ஆகிய மூன்றையும் நேராகப் பிடித்த விதிகள் இவை. மன்றத்தைப் பூட்டும் ஆளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஆதார் கேட்பது தனிமனித அந்தரங்கத்தில் தலையிடுவது என்று அங்கே முழங்கப்பட்டது. அந்தரங்க உரிமையில் எனக்கு உயிர், ஆதாரை எல்லாவற்றுக்கும் கேட்பது பிடிக்காது. ஆனால் ஆடுபவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டே கதவைத் திறக்கும் தரப்பிலிருந்து அந்த வாதம் வந்தபோது சிரிப்புத்தான் வந்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. இரண்டே மாதத்தில் டில்லிச் சட்டம் வந்து, சோதித்துப் பார்க்க வேண்டிய ஆட்டத்தையே தூக்கிவிட்டது. இரவு நேரத் தடை எத்தனை வீட்டைக் காப்பாற்றியிருக்கும் என்று அறியும் வாய்ப்பு அதோடு போயிற்று.

மாநில அரசைப் பாராட்டிவிட்டேன், ஆகவே இதையும் சொல்ல வேண்டும். லாட்டரி ஏழையை அழிக்கிறது என்று 2003 ஜனவரியில் தடை போட்ட அதே அரசு, அதே ஆண்டு நவம்பரில் சாராயச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு வந்த எந்த அரசும் அதை விடவில்லை. 2024-25இல் அதன் வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். ரம்மித் தடை விவாதங்களில் திருக்குறளின் சூது அதிகாரம் தவறாமல் ஒலிக்கும். அது 94ஆவது அதிகாரம். 93ஆவது அதிகாரம் என்ன என்று யாரும் வாய் திறப்பதில்லை: கள்ளுண்ணாமை. இரண்டையும் வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அடுத்ததாக மருந்து என்று ஓர் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். சூது அதிகாரத்தின் முதல் குறளே தோற்றவரைப் பற்றியதல்ல. ஜெயித்தாலும் வேண்டாம், அந்த வெற்றி தூண்டில் முள்ளை மீன் விழுங்குவது போன்றது என்கிறது. ஜெயிக்கத் தெரிந்தவருக்குத்தான் எச்சரிக்கை. அண்ணனுக்கு முதல் மாதம் நல்ல வெற்றி.

விளையாட்டே கெட்டது என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். என் மகன் கைப்பேசியில் சுடும் ஆட்டம் ஆடுகிறான், நானும் சில சமயம் சேர்ந்து ஆடிச் செத்துப்போகிறேன். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது அதற்குச் சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு, சீனா. அது அடுத்த ஆண்டே வேறு பெயரில் திரும்பி வந்தது, 2022இல் காணாமல் போனது, 2023இல் மறுபடி வந்தது. இவ்வளவிலும் அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. காசு கொடுத்துப் பெட்டி வாங்கினால் உள்ளே அரிய சட்டை இருக்கலாம், குப்பையும் இருக்கலாம். பெல்ஜியம் 2018இலேயே இது சூதாட்டம் என்று முடிவு செய்துவிட்டது. நம் 2025 சட்டம், திரும்பப் பணமாக வராதவரை இதைக் கண்டுகொள்வதில்லை. பணம் திரும்பாத சூதாட்டம் பணம் திரும்பும் சூதாட்டத்தைவிட எப்படி உயர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. குறைந்தபட்சம் ஒரு நல்லது: பெட்டி திறப்பதில் என் மகன் தன்னைத் திறமைசாலி என்று நினைப்பதில்லை. குப்பை வந்தால் செயலியைத் திட்டிவிட்டுச் சாப்பிட வந்துவிடுகிறான்.

தடைக்குப் பிறகு பெரிய செயலிகள் பண மேசைகளை மூடிவிட்டன. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்துகூட ஒரு விளையாட்டுச் செயலியின் பெயர் இறங்கியது. அண்ணன் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை பார்க்கிறார். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, பங்குச் சந்தையின் நிஃப்டி ஆப்ஷன், செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ரம்மியில் அதிர்ஷ்டம் கலந்திருந்தது, இதில் முழுக்க முழுக்கப் படிப்புதான் என்றார். நான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். மூன்று நிதியாண்டுகளில் இந்த முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இழந்திருக்கிறார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவருக்கு அந்த எண் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“சரி தம்பி, மீதி ஏழு பேர் யார் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டார்.